வாயிலோனும் ஒன்பதாம் எண்ணும்

தமிழில் ‘வாயில்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று எல்லோரும் அறிந்த நுழைவிடம். மற்றொன்று அகப்பாடல்களில் பழக்கம் உள்ளவர்கள் அறிந்தது: தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சென்று பேசுகிறவர். தோழி, பாங்கன், பாணன், விறலி என்று தொல்காப்பியம் வாயில்களின் வரிசை ஒன்றையே தருகிறது. பரத்தை வீட்டிலிருந்து திரும்பிய தலைவனுக்காகப் பாணன் வந்து வாசலில் நின்று பேச, தோழி அவனைத் திருப்பி அனுப்புவது ‘வாயில் மறுத்தல்’. நுழைவிடத்தையும் அங்கே நின்று பேசும் மனிதரையும் ஒரே சொல்லால் அழைத்த மொழி நம்முடையது. கதவு என்பது மரமும் இரும்பும் மட்டுமல்ல, அது ஒரு பேச்சு என்று நம் முன்னோர் கருதியிருக்க வேண்டும்.

எழுத்துக்கு வெளியே எனக்குச் சோறு போடுவது தொலைபேசி இணைப்பு வேலை. அலுவலகங்களுக்கு ஈபிஏபிஎக்ஸ் பொருத்திக் கொடுப்பதும் பராமரிப்பதும் தொழில். அண்மைக் காலமாக வருகிற வேலைகளில் பாதியாவது ஒரே கோரிக்கையோடு வருகின்றன: ‘வாசலில் ஒரு டோர்போன் வைத்து அதை எங்கள் தொலைபேசியோடு இணைத்துவிடுங்கள். வந்தவர் பொத்தானை அழுத்தினால் மேசைத் தொலைபேசி ஒலிக்க வேண்டும், நாங்கள் ஓர் எண்ணை அழுத்தினால் கதவு திறக்க வேண்டும்.’ கேட்பதற்கு எளிய வேலை. கம்பியைப் பொறுத்தவரை எளிய வேலையும்தான். ஆனால் இதைக் கம்பி வேலையாக மட்டும் எண்ணுவதுதான் இதில் நேரும் முக்கால்வாசிக் கோளாறுகளுக்குக் காரணம் என்பது என் துணிபு. டோர்போனைத் தொலைபேசியோடு இணைக்கும்போது நாம் ஒரு வாயிலோனை நியமிக்கிறோம். அவன் யார், யாருக்குச் சொல்வான், யார் சொன்னால் திறப்பான் என்பதையெல்லாம் முடிவு செய்யாமலே நியமித்துவிடுகிறோம்.

இணைக்கும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஈபிஏபிஎக்ஸ்கள் சிலவற்றில் டோர்போனுக்கென்றே தனி அட்டை செருகலாம். அந்த நிறுவனத்தின் டோர்போன் மட்டுமே அதில் வேலை செய்யும். இரண்டாவது முறையில், டோர்போனே ஒரு சாதாரணத் தொலைபேசிபோல நடித்து ஒரு எக்ஸ்டென்ஷன் இணைப்பில் அமர்ந்துகொள்ளும். மூன்றாவது இணையவழித் தொலைபேசி முறை: டோர்போன் கணினி வலைப்பின்னலில் எஸ்ஐபி கருவியாகப் பதிவு செய்துகொள்ளும், மின்சாரமும் அதே கேபிளில் வந்துவிடும், பெரும்பாலும் கேமராவும் இருக்கும். புதிதாகச் செய்பவர்களுக்கு மூன்றாவதே உகந்தது. பழைய ஈபிஏபிஎக்ஸ் வைத்திருப்பவர்கள் இரண்டாவதை நாடுவார்கள். எந்த முறையானாலும் நான் சொல்ல வருவது ஒன்றுதான்.

முதலில் நான் கண்ட ஒரு காட்சி. ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) வேறொருவர் பொருத்திய டோர்போனைச் சரிபார்க்கப் போயிருந்தேன். பொத்தானை அழுத்தினேன். மணி ஒலித்தது, யாரும் எடுக்கவில்லை. அந்த எக்ஸ்டென்ஷனை எடுக்காவிட்டால் அழைப்பு தானியங்கி வரவேற்புக்குப் போகும்படி முன்பே அமைத்திருந்தார்கள். ஒரு பெண் குரல் மிகுந்த பணிவோடு ஆங்கிலத்தில், விற்பனைப் பிரிவுக்கு ஒன்றை அழுத்தவும், கணக்குப் பிரிவுக்கு இரண்டை அழுத்தவும் என்று தெருவைப் பார்த்துச் சொல்லத் தொடங்கியது. என் முன்னால் இருந்த பெட்டியில் ஒரே ஒரு பொத்தான். அந்தக் குரல் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, நன்றி கூறி விடைபெற்றது. எனக்குப் பின்னால் கூரியர் பையுடன் நின்றிருந்த இளைஞர், “இது இப்படித்தாங்க சார், பக்கத்துக் கடையில குடுத்துட்டுப் போயிருவேன்” என்றார். எத்தனை மாதங்களாக அப்படி நடக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இது அரிதான சம்பவம் அல்ல. தொலைபேசி அமைப்பு வாசலிலிருந்து வரும் அழைப்பையும் வெளியூரிலிருந்து வரும் அழைப்பையும் ஒன்றாகவே பாவிக்கும். வேறுபடுத்திச் சொல்லாதவரை அதற்கு வேறுபாடு தெரியாது. மதிய உணவுக்குப் போகும்போது அழைப்புகளை அஞ்சல்பெட்டிக்குத் திருப்பிவிட்டுப் போகும் வரவேற்பாளரின் எக்ஸ்டென்ஷனுக்கு வாசல் மணியையும் கட்டிவைத்தால், வெயிலில் நிற்பவரிடம் ‘பீப் ஒலிக்குப் பின் உங்கள் செய்தியைச் சொல்லவும்’ என்றுதான் அது சொல்லும். வாசலில் நிற்பவர் செய்தி சொல்ல வரவில்லை, உள்ளே வர வந்திருக்கிறார். தொலைபேசியில் அழைப்பவர் பிறகு அழைக்கலாம். பேருந்து மாறி நேர்காணலுக்கு வந்து வாசலில் நிற்கும் பெண்ணுக்குப் பிறகு என்பது இல்லை. ஆகவே வாசல் அழைப்புக்கென்று தனி வழி வேண்டும். ஒருவர் எடுக்காவிட்டால் பதினைந்து இருபது விநாடிகளில் அடுத்த இருவருக்கு, பிறகு அந்தத் தளம் முழுவதற்கும் ஒலிக்க வேண்டும். அஞ்சல்பெட்டிக்கோ தானியங்கிக் குரலுக்கோ ஒருபோதும் போகக் கூடாது. ஒலியும் வேறாக இருக்க வேண்டும், கேட்டவுடனே வாசல் என்று தெரியும்படி. இவற்றைச் செய்ய எந்த ஈபிஏபிஎக்ஸிலும் அரை மணி நேரம் போதும். காசும் கூடுதலாக ஆகாது. ஆனாலும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, எனவே யாரும் செய்வதும் இல்லை.

இன்னொரு சங்கடம் நம் நாட்டுக்கே உரியது. இரண்டாவது முறையில் உள்ளே இருப்பவர் பேசி முடித்து வைத்துவிட்டால், ஈபிஏபிஎக்ஸ் டோர்போனுக்கு ‘எங்கேஜ்டு’ ஒலியை அனுப்பும். அந்த ஒலியைக் கேட்டுத்தான் பேச்சு முடிந்துவிட்டது என்று டோர்போன் புரிந்துகொண்டு இணைப்பைத் துண்டிக்கும். இந்தியாவில் அந்த ஒலி 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலித்து முக்கால் விநாடி ஓய்வது. அமெரிக்காவில் அது 480, 620 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளின் கலவை, அரை விநாடி ஒலித்து அரை விநாடி ஓய்வது. அமெரிக்க ஒலிக்குப் பழக்கப்பட்ட கருவியை இங்கே கொண்டுவந்து, அமைப்பை மாற்றாமல் பொருத்தினால், அது நம்மூர் எங்கேஜ்டு ஒலியை யாரோ பேசுவதாக எண்ணி மரியாதையோடு கேட்டுக்கொண்டே இருக்கும். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் ‘பீ… பீ…’ என்று கேட்கும். அடுத்து வந்தவர் பொத்தானை அழுத்தினால் பயனில்லை, ஏனெனில் கருவியின் கணக்கில் முதல் பேச்சே இன்னும் முடியவில்லை. அந்நிய மொழியில் விடைபெறுதல் புரியாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி என்றுதான் இதை வாடிக்கையாளர்களிடம் விளக்குவேன். உடனே புரிந்துகொள்வார்கள்.

இனி அந்த ஒன்பதாம் எண். அமெரிக்க அடுக்ககங்களில் வாசல் கருவி குடியிருப்பவரின் தொலைபேசியை அழைக்கும், அவர் 9ஐ அழுத்தினால் கதவு திறக்கும் என்பது பரவலான வழக்கம். அதே வழக்கம் அலுவலகங்களுக்கும் வந்தது. எண்ணை அழுத்தும்போது எழும் ஒலி இரண்டு சுரங்களின் சேர்க்கை. 9க்கு 852, 1477 ஹெர்ட்ஸ். 1963இல் பெல் நிறுவனம் பொத்தான் தொலைபேசியை அறிமுகம் செய்தபோது வந்த இந்த ஏற்பாடு எண்களைச் சொல்வதற்காக உருவானது; பூட்டைத் திறப்பதற்காக அல்ல. வழியில் எந்தச் சாவியும் இல்லை, ரகசியமும் இல்லை. அந்த இரண்டு சுரங்களையும் எழுப்பத் தெரிந்த எதுவும் அந்த எண்ணைச் சொல்லிவிடும். தரம் குறைந்த கருவிகள் சிலவற்றில், தொலைபேசிக் கம்பியின் மறுமுனையிலிருந்து வரும் ஒலிக்கும் தன் ஒலிவாங்கியே வாங்கி அனுப்பும் ஒலிக்கும் வேறுபாடு தெரியாமல் போகலாம். அப்படியானால் வெளியே நிற்பவர் தன் கைப்பேசியில் 9ஐ ஒலிக்கவிட்டே கதவைத் திறந்துகொள்ள முடியும். புதிதாக ஒன்றைப் பொருத்தினால் நான் முதலில் செய்யும் சோதனை இதுதான். உள்ளே ஒருவரை எடுத்துப் பேசச் சொல்லிவிட்டு, வெளியே நின்று என் கைப்பேசியின் பொத்தான் ஒலிகளை டோர்போனுக்கு ஊதிக் காட்டுவேன். திறந்தால் அந்தக் கருவியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான்.

இணையவழி முறையில் இதற்கு நேர்மாறான சிக்கல். ஜி.729 போன்று பேச்சை இறுக்கிச் சுருக்கும் முறைகள் மனிதக் குரலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. சுரங்கள் அதில் சிதைந்துபோகும். பேச்சு தெளிவாகக் கேட்கிறது, 9ஐ எத்தனை முறை அழுத்தினாலும் கதவு திறக்கவில்லை என்று அழைப்பு வந்தால் பாதி நேரம் இதுதான் காரணம். எண்களை ஒலியாக அனுப்பாமல் தனிச் செய்தியாக அனுப்பும் முறை 2000இலேயே வகுக்கப்பட்டு, 2006இல் ஆர்எஃப்சி 4733 என்று திருத்தப்பட்டது. இரண்டு பக்கமும் அதைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீரும். முதலில் சொன்ன ஏமாற்று வேலைக்கும் இடம் பெரிதும் குறையும்.

பூட்டைத் திறக்கும் ரிலே எங்கே இருக்கிறது என்பதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பெரும்பாலான டோர்போன்களில் அது பெட்டிக்குள்ளேயே இருக்கும். அந்தப் பெட்டியோ தெருவில் இருக்கிறது. இரண்டு திருகாணிகளைக் கழற்றி இரண்டு கம்பிகளைத் தொடவைக்கத் தெரிந்தவனுக்கு ஒன்பதும் வேண்டாம், எட்டும் வேண்டாம். பூட்டுக்கான ரிலேயைச் சுவருக்கு உட்புறம் தனியே வைக்கலாம். அதற்கான சிறு கருவிகள் கிடைக்கின்றன. அதுபோலவே தெருவிலுள்ள எக்ஸ்டென்ஷனுக்கு வெளி அழைப்பு உரிமையை முழுமையாகத் தடைசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பழைய தொலைபேசியை அந்தக் கம்பியில் மாட்டி உங்கள் கணக்கில் உலகம் முழுவதும் பேசலாம். இணையவழியென்றால் அந்தக் கேபிள் அலுவலகக் கணினிகளின் வலைப்பின்னலைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதைத் தனி வலைப்பின்னலாகப் பிரித்துவிட வேண்டும். இவையெல்லாம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவைதாம். ஆனால் விலைப்புள்ளியில் முதலில் வெட்டப்படுபவையும் இவைதாம்.

நான் மிகவும் தயங்கும் கோரிக்கை வேறொன்று. ‘யாரும் எடுக்காவிட்டால் என் செல்லுக்கு வரட்டும், நான் திறந்துவிடுகிறேன்’ என்பார் முதலாளி. செய்யமுடியும். ஜோலார்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருக்கும் ரயிலில் இருந்துகொண்டு சென்னையிலுள்ள கதவைத் திறக்கலாம். “சார் கூரியர்” என்ற குரலைக் கேட்டு 9ஐ அழுத்தியபின், உள்ளே யார் போனார்கள், எத்தனை பேர் போனார்கள், உள்ளே அப்போது தனியாக யார் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமலே ஒருவரை இன்னொருவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். மாலை ஏழு மணிக்குக் கணக்கு முடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு, தான் திறக்காத கதவின் வழியாக யாரோ வந்து நிற்பது எப்படியிருக்கும் என்று அவரைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சிலர் யோசிப்பார்கள். சிலர் கேமரா வைத்துவிடலாம் என்பார்கள். கேமரா உதவும், மறுக்கவில்லை. ஆனாலும் கதவைத் திறக்கும் கை, கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதற்குப் பொறுப்பேற்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. முதலாளியின் கைப்பேசிக்கு அழைப்பு போகட்டும், பேசட்டும். திறக்கும் அதிகாரம் உள்ளே இருப்பவரின் மேசையில் இருக்கட்டும். எந்த எக்ஸ்டென்ஷனுக்குத் திறக்கும் உரிமை என்று பிரித்துக் கொடுக்க நல்ல கருவிகளில் வழி உண்டு.

வெளியேறும் வழியைப் பற்றி யாரும் பேசுவதேயில்லை. காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடித்திருக்கும். மின்சாரம் போனால் கதவு திறந்துகொள்ளும். மின்வெட்டுக்குப் பயந்து சிலர் இதற்கு எதிரான வகையைக் கேட்பார்கள்: மின்சாரம் போனாலும் பூட்டியே இருக்கும் பூட்டு. கேட்கலாம், உட்புறம் எந்த மின்சாரமும் வேண்டாத சாதாரணக் கைப்பிடி இருந்தால். அது இல்லாமல், உள்ளிருந்து போவதற்கும் பொத்தானையோ தொலைபேசியையோ நம்பவைத்துவிட்டால், புகை சூழ்ந்த இருட்டில் ஒருவர் எந்த எக்ஸ்டென்ஷனை அழைப்பார்? 1997 ஜூன் 13 அன்று டெல்லியின் உபகார் திரையரங்கில் 59 பேர் மாண்டார்கள். பால்கனியில் ஒரு வெளிவழி கூடுதல் இருக்கைகளால் அடைக்கப்பட்டிருந்ததும் ஒரு கதவு தாழிடப்பட்டிருந்ததும் பின்னர் நீதிமன்றங்களில் விரிவாகப் பேசப்பட்டன. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் கதவு சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. டோர்போன் இணைக்கும்போது காந்தப் பூட்டின் மின்சாரத்தைத் தீ எச்சரிக்கை மணியின் வழியாகக் கொண்டுபோக ஒரே ஒரு கம்பி கூடுதலாகத் தேவைப்படும். அதைக்கூடத் தேவையற்ற செலவு என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலைகளை நான் எடுப்பதில்லை.

பேச இயலாதவர்களும் கேட்க இயலாதவர்களும் வாசலுக்கு வருவார்கள் என்பதையும் குரலை மட்டும் நம்பும் கருவி மறந்துவிடுகிறது. மணி ஒலிக்கிறது, பேசலாம், கதவு திறந்திருக்கிறது என்ற மூன்று நிலைகளையும் மூன்று விளக்குகளால் காட்டும் டோர்போன்கள் உண்டு. விலை சற்றே அதிகம். வாங்கவேண்டும்.

இந்தக் கருவியை விற்பவர்கள் இறுதி அஸ்திரமாக எடுக்கும் வாதம், வாட்ச்மேன் சம்பளம் மிச்சம் என்பது. மனிதரை நடுவிலிருந்து விலக்கும் ஆசை தொலைபேசியின் வரலாற்றிலேயே இருக்கிறது. கேன்சஸ் நகரில் இறுதிச் சடங்குத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், தனக்கு வரும் அழைப்புகளைத் தொலைபேசி நிலையப் பெண் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகித்து, ஆபரேட்டரே தேவையில்லாத தானியங்கி நிலையத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1891இல் அவர் காப்புரிமை பெற்றதும் அடுத்த ஆண்டு இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் முதல் நிலையம் இயங்கியதும் உண்மை. இணைப்புக் கொடுக்கும் வேலையைப் பொறுத்தவரை அவர் செய்தது சரிதான். அங்கே மனிதரின் விருப்பு வெறுப்பு குறுக்கே வரக்கூடாது. வாசலில் நிலைமை வேறு. இங்கே மனிதர் இருப்பதே அவரது கணிப்புக்காகத்தான்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அரண்மனை வாசலில் நின்று வாயிலோனை விளிக்கிறாள். அவன் உள்ளே போய் மன்னனிடம் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்வதில்லை. கொற்றவையோ, காளியோ என்று அஞ்சத்தக்க தெய்வங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவள் அவர்களல்லள் என்று விலக்கி, கணவனை இழந்தவள், கையில் ஒற்றைச் சிலம்பு, கடுஞ்சினம் என்று தான் கண்டதைச் சொல்கிறான். அதைக் கேட்டபிறகுதான் மன்னன் வரச்சொல்கிறான். அந்த வாயிலோன் காப்பியத்தில் வருவது சில வரிகளே. பெயர்கூட இல்லை. ஆனால் வாசலில் நிற்பவரைப் பார்த்து, எடைபோட்டு, உள்ளே இருப்பவருக்கு விளங்கும்படி சொல்வது என்ற வேலையை அவனைவிட முழுமையாகச் செய்தவர் யாரையும் நான் படித்ததில்லை. புறநானூற்றில் அதியமான் பரிசில் நீட்டித்தபோது அவ்வை தன் சினத்தைச் சொல்வதும் வாயிலோனிடம்தான். நெடுந்தொலைவு நடந்து வந்தவர்கள் தங்கள் வருகையை வாயில் காவலரிடம் சொல்வதற்குத் தொல்காப்பியம் ‘கடைநிலை’ என்று ஒரு துறையே வகுத்திருக்கிறது. தொலைவிலிருந்து வந்த களைப்பைக் கேட்க அங்கே ஒரு மனிதக் காது இருந்தது.

இதனால் டோர்போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் பிழைப்பு என்ன ஆவது? வாட்ச்மேனை நீக்குவதற்கான கருவியாக அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு சிறிய பதிப்பகம் இருக்கிறது. மாடியில் அலுவலகம், கீழே கேட், கேட்டில் அறுபதைத் தாண்டிய ஒருவர். டோர்போன் வந்ததும் அவரை நிறுத்திவிடுவதாகத்தான் முதலில் ஏற்பாடு. நான் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: காலை ஆறு மணிக்குப் பெருக்க வரும் அம்மா பொத்தானை அழுத்தினால் எந்தத் தொலைபேசி ஒலிக்கும்? மாடியில் அப்போது யாரும் இல்லை. இரவில் அச்சகத்திலிருந்து ஃபாரங்கள் வரும்போதும் யாரும் இல்லை. அந்த அம்மாவுக்கு யார் திறப்பது என்று பதிப்பாளரும் அவருடைய மகளும் அரை மணி நேரம் விவாதித்தார்கள். முடிவில் காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை வாசல் மணி மாடியில் மூன்று மேசைகளில் ஒலிக்கிறது. மற்ற நேரங்களில் கேட்டருகே அந்தப் பெரியவரின் அறையில் வைத்த எக்ஸ்டென்ஷனில் ஒலிக்கிறது. திறக்கும் உரிமை அந்த நான்கு தொலைபேசிகளுக்கு மட்டும். அறையில் காற்று வரவில்லை என்று அவர் ஒரு டேபிள் ஃபேன் கேட்டார். டோர்போன் ரசீதிலேயே அதையும் சேர்த்து எழுதிவிடச் சொன்னார்கள்.